மிச்ச உல்லனில் கோடு போட்ட கையில்லா ஸ்வெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலை ஊர்களில் ஸ்வெட்டர் பின்னும் வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு பை கிடக்கும். உள்ளே அரை உருண்டை, கால் உருண்டை, குழந்தைத் தொப்பி பின்னி மீந்தது என்று உல்லன் நூல். அதைத் தீர்க்கக் கையில்லா ஸ்வெட்டரே சரியான வேலை. முழுக்கை ஸ்வெட்டருக்கு வேண்டிய நூலில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். கை இரண்டிலும் கோடு பொருந்த வேண்டுமே என்ற தலைவலியும் இல்லை. கீழே உள்ள கணக்கெல்லாம் டி.கே. எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலுக்கு, 90 செ.மீ. மார்பளவு உள்ள பெரியவருக்கு. சட்டைக்கு மேல் போடுவதற்காக முடிந்த ஸ்வெட்டரின் சுற்றளவு 98 செ.மீ. என்று வைத்திருக்கிறோம்.

மொத்தம் எவ்வளவு நூல் வேண்டும்?

சுமார் 250 கிராம். கையில் 300 கிராம் இருந்தால் பயமில்லாமல் தொடங்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு 130 கிராம் போதும்.

முழுவதையும் மிச்ச நூலிலேயே முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரே நிறத்தில் 150 கிராம் புது நூல் வாங்கி அதை அடிநிறமாக வைத்துக்கொண்டு, மீதி 150 கிராமுக்குத் துண்டு உருண்டைகளைப் போட்டால் ஸ்வெட்டர் ஒழுங்காக வரும். கீழ் ரிப் (இழுபட்டுச் சுருங்கும் ஓரப் பின்னல்), கழுத்துப் பட்டி, கைத்துளைப் பட்டி மூன்றும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் அழகு. அவற்றுக்கு மட்டும் 50 முதல் 60 கிராம் போகும். அதை முதலிலேயே தனியாகச் சுற்றி எடுத்து வைத்துவிடுங்கள். கோடு போடும் ஆசையில் அடிநிறத்தைத் தீர்த்துவிட்டுக் கழுத்துப் பட்டிக்கு நூல் தேடி அலைவது சகஜம். கடையில் அதே நிற எண் கிடைத்தாலும் சாயம் போட்ட தொகுதி மாறியிருந்தால் ஒரு சாயல் வித்தியாசம் கண்ணில் படும்.

பையில் இருப்பதெல்லாம் வேறு வேறு தடிமன். சேர்த்துப் பின்னலாமா?

நிறம் பார்த்துப் பிரிப்பதற்கு முன் தடிமன் பார்த்துப் பிரியுங்கள். மிச்ச நூல் ஸ்வெட்டர் கோணலாவதற்கு முதல் காரணம் இதுதான்.

சோதனை எளிது. ஒரு ஸ்கேலில் 2.5 செ.மீ. அளவுக்கு நூலை இழுக்காமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்துப் பக்கத்தில் சுற்றுங்கள். 11 முதல் 14 சுற்று வந்தால் டி.கே. அதைவிட அதிகச் சுற்று வந்தால் 4 பிளை அல்லது அதற்கும் மெல்லியது. 10-க்கும் கீழே வந்தால் தடித்த நூல். இந்த வேலைக்கு ஆகாது, தொப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4 பிளை நூலை ஒதுக்க வேண்டாம், இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னினால் ஏறக்குறைய டி.கே. ஆகிவிடும். இரண்டு இழையும் வேறு நிறமாக இருந்தால் கலப்பு நிறக் கோடு கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும்.

கம்பளியா அக்ரிலிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிள் போயிருந்தால் எரித்துப் பார்க்க வேண்டியதுதான். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும். நெருப்பை எடுத்ததும் மெல்ல அணையும். மிஞ்சுவதை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

இரண்டையும் ஒரே ஸ்வெட்டரில் போடலாம். துவைக்கும்போது மட்டும் முழுக் கம்பளி போலவே நடத்த வேண்டும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளிக் கோடு சுருங்கும், அக்ரிலிக் கோடு அப்படியே இருக்கும். ஸ்வெட்டர் அலை அலையாக நெளிந்துவிடும், திருத்த வழியில்லை.

சிவப்பு, கருநீலம், மெரூன் நூல் எதுவானாலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒரு மணி நேரம் சுருட்டி வையுங்கள். சாயம் இறங்கினால் வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் பக்கத்தில் அதைப் போடாதீர்கள்.

எந்த எண் ஊசி?

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பழைய இங்கிலாந்து எண் முறை. எண் கூடக் கூட ஊசி மெல்லியது. உடம்புப் பகுதிக்கு 8-ம் எண் (4 மி.மீ.), ரிப்புக்கு 10-ம் எண் (3.25 மி.மீ.). இணையத்தில் எடுத்த வெளிநாட்டுக் கணக்கில் ‘8’ என்று இருந்தால் அது அமெரிக்க எண்ணாகவும் இருக்கலாம். அந்த 8 என்பது 5 மி.மீ. ஊசி. மில்லிமீட்டரைப் பார்த்தே வாங்குங்கள்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா?

ஆம். மிச்ச நூலில் இரண்டு மடங்கு அவசியம். 30 கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) போட்டு, பையில் உள்ளவற்றில் மிக மெல்லியது, நடுத்தரம், மிகத் தடித்தது மூன்றையும் 14 வரிசை வீதம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னுங்கள். வெளிப்பக்கம் நிட் (நேர்ப் பின்னல்), உள்பக்கம் பர்ல் (எதிர்ப் பின்னல்). 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 30 வரிசை வர வேண்டும்.

ஒரு நூலில் மட்டும் 22-க்குப் பதில் 20 வந்தால் என்ன ஆகும்? நமக்கு 49 செ.மீ. அகலம் தரும் அதே கண்ணிகள் அந்தக் கோட்டில் 54 செ.மீ. ஆகிவிடும். வயிற்றைச் சுற்றி ஒரு டயர் மாதிரி புடைக்கும். அந்த நூலை 9-ம் எண் ஊசியில் (3.75 மி.மீ.) பின்னிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நிறங்களை எப்படி அடுக்குவது? கண்டபடி போட்டால் கந்தலாகத் தெரிகிறது.

உருண்டைகளை வரிசையாக வைத்து ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறத்தில் வேறாகத் தெரிந்த பச்சையும் சிவப்பும் அதில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு எடுபடாது. வெளிர், அடர் என்று மாறி மாறி வருகிறதா என்பதே முக்கியம்.

பிறகு அடிநிறம். ஒவ்வொரு மிச்ச நிறத்துக்கும் நடுவில் அடிநிறத்தில் 2 வரிசை போட்டால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் சண்டை போடாது. 4 வரிசை மிச்ச நிறம், 2 வரிசை அடிநிறம் என்ற அடுக்கு எங்கள் பரிந்துரை. கோட்டின் வரிசை எண்ணிக்கை எப்போதும் இரட்டையாகவே இருக்கட்டும். ஒற்றையாகப் போட்டால் நூல் எதிர் ஓரத்தில் போய் நிற்கும், திரும்ப எடுக்க முடியாமல் வெட்ட வேண்டிவரும்.

பின்புறம் முடித்துவிட்டேன், முன்புறத்தில் அந்த நிறம் தீர்ந்துவிட்டது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். இந்த அகலத்தில் ஒரு வரிசைக்குக் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நூல் போகும். 4 வரிசைக் கோடு ஒன்றுக்குச் சுமார் 3 கிராம், முன்னும் பின்னும் சேர்த்து 6 கிராம். 6 கிராமுக்குக் குறைந்த உருண்டையில் 4 வரிசைக் கோடு கிடையாது, 2 வரிசைக் கோடுதான். தராசு இல்லையென்றால் துணியின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு நீளம் ஒரு வரிசைக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மிஞ்சவே செய்யும்.

பின்னத் தொடங்குமுன் ஒவ்வொரு உருண்டையையும் எடை பார்த்துச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பைகளில் போடுங்கள்: ஒன்று முன்புறம், ஒன்று பின்புறம். சலிப்பான வேலைதான். ஆனால் மிச்ச நூல் ஸ்வெட்டரின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் முன், பின் இரண்டையும் இரண்டு ஜோடி ஊசியில் போட்டு, பத்துப் பத்து வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நூல் தீர்ந்தாலும் இரண்டிலும் ஒரே இடத்தில் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பின்புறக் கணக்கு?

10-ம் எண் ஊசியில் அடிநிறத்தில் 110 கண்ணி. 2 நிட், 2 பர்ல் ரிப், கடைசியில் 2 நிட்டில் முடியும். 20 வரிசை, ஏறக்குறைய 6 செ.மீ.

8-ம் எண் ஊசிக்கு மாறிக் கோடுகளைத் தொடங்குங்கள். 90 வரிசை நேராக. இப்போது மொத்த உயரம் 36 செ.மீ. வரும். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குகிறவர்கள், தேயிலை பறிக்கிறவர்கள் போல நாளெல்லாம் குனிந்து வேலை செய்பவருக்குப் பின்னுகிறீர்கள் என்றால் இங்கே 12 முதல் 16 வரிசை கூட்டுங்கள். குனியும்போது இடுப்பு தெரியாது. அதற்கு 20 கிராம் நூல் கூடுதலாகப் போகும்.

கைத்துளை: அடுத்த இரண்டு வரிசைகளின் தொடக்கத்தில் 6 கண்ணி வீதம் அடையுங்கள், அதாவது பின்னி முடித்து ஊசியிலிருந்து இறக்குங்கள் (மீதி 98). அடுத்த 3 வரிசையில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறையுங்கள் (92). பின் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக 8 முறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று (76). கைத்துளை தொடங்கிய இடத்திலிருந்து 72 வரிசை ஆகும்வரை நேராக. தோளுக்கு ஒவ்வொரு பக்கமும் 7, 7, 8 என்று மூன்று படியாக 22 கண்ணி அடையுங்கள். நடுவில் மிஞ்சும் 32 கண்ணி பின்கழுத்து. அதையும் அடைத்துவிடலாம்.

முன்புறம் ‘வி’ கழுத்துக்கு?

கைத்துளை தொடங்கும் அதே வரிசையில் ‘வி’யும் தொடங்கும். 110-ஐ 55, 55 என்று பிரித்து ஒரு பாதியை உதிரி ஊசியில் விட்டுவிடுங்கள். கைத்துளைப் பக்கம் பின்புறத்தில் செய்தது போலவே 6, பிறகு 11 குறையும். கழுத்துப் பக்கம் 4 வரிசைக்கு ஒருமுறை ஒரு கண்ணி, 16 முறை. 64 வரிசையில் அது முடியும், மீதி 8 வரிசை கழுத்தோரம் நேராக. தோளில் 22 நிற்க வேண்டும். நின்றால் கணக்கு சரி. குறைக்கும் கண்ணியை ஓரத்திலேயே செய்யாமல் ஓரக் கண்ணி ஒன்றை விட்டு உள்ளே செய்யுங்கள், பட்டி எடுக்க ஓரம் சுத்தமாக இருக்கும்.

‘வி’ ரொம்பத் திறந்திருக்கிறது, நெஞ்சில் குளிர் அடிக்கிறது என்பவர்கள் 16 வரிசை கழித்துத் தொடங்கலாம். அப்போது 4 வரிசைக்கு ஒருமுறை 10 தடவையும், பிறகு 2 வரிசைக்கு ஒருமுறை 6 தடவையும் குறைக்க வேண்டும்.

பெரிய அளவுக்கு?

ஒவ்வொரு துண்டிலும் 8 கண்ணி கூட்டினால் சுற்றளவு 7 செ.மீ. கூடும். 118 கண்ணி, கைத்துளையில் 6-க்குப் பதில் 7 அடையுங்கள், ஒன்றுவிட்டு ஒரு வரிசைக் குறைப்பு 8-க்குப் பதில் 9 முறை, தோள் 24, கழுத்து அதே 32. கைத்துளை உயரம் 4 வரிசை கூடும், கழுத்தோரத்தில் அந்த 4 வரிசையையும் நேராகவே விடுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு 78 கண்ணி, மொத்த உயரம் 38 முதல் 40 செ.மீ.

ரிப்பிலிருந்து நிறம் மாறும் இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே?

புது நிறத்தில் பர்ல் பின்னும்போது பழைய நிறம் மேலே எட்டிப் பார்க்கும். அதனால் நிறம் மாறும் முதல் வரிசை எப்போதும் வெளிப்பக்க வரிசையாக, முழுக்க நிட்டாக இருக்க வேண்டும். ரிப்புக்குள்ளேயே கோடு போட விரும்பினாலும் இதே விதிதான்: மாற்றும் அந்த ஒரு வரிசை முழுக்க நிட், அடுத்த வரிசையிலிருந்து ரிப். ரிப்பின் இழுவை கெடாது.

ஒரு ஓரம் மட்டும் சுருங்கி, துண்டு சாய்ந்து நிற்கிறது.

அடிநிற நூலை ஓரம் வழியாக மேலே தூக்கிப் போகும்போது இறுக்கியிருப்பீர்கள். 4 வரிசை உயரத்துக்கு நூல் தளர்வாக ஏற வேண்டும். நடுவில், இரண்டு வரிசை முடிந்ததும், பின்னுகிற நூலை அடிநிற நூலின் மேல் ஒருமுறை முறுக்கிக்கொண்டால் நீண்ட கண்ணி தொங்காது. துண்டைத் தரையில் விரித்து இரு ஓரத்தின் நீளத்தையும் அவ்வப்போது அளந்து பாருங்கள். ஒரு செ.மீ. வித்தியாசம் தெரிந்தாலே பிரித்துவிடுவது நல்லது. பக்கத் தையலில் சரிக்கட்டலாம் என்று விட்டால் கோடுகள் பொருந்தாது.

நூல் முனைகள் எண்ணி மாளவில்லை. முடிச்சுப் போட்டு வெட்டிவிடலாமா?

கூடாது. அக்ரிலிக் வழுக்கும், முடிச்சு துவைக்கத் துவைக்க அவிழும். நடுத்துணியில் விழுந்த முடிச்சு வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும். நிறம் மாறும்போது 15 செ.மீ. வால் விட்டு, மழுங்கல் முனைத் தையல் ஊசியில் கோத்து, பக்கத் தையலின் உள்மடிப்பில் 5 செ.மீ. ஒரு திசையில் செலுத்தி, 2 செ.மீ. திரும்பி வாருங்கள். ஒவ்வொரு 20 வரிசைக்கும் உட்கார்ந்து முடித்தால் கடைசியில் மலைப்பு இருக்காது.

கணக்குப் பாருங்கள்: ரிப்புக்கு மேல் உள்ள 168 வரிசையும் (90, 72, தோள் அடைக்கும் 6) 4 வரிசைக் கோடாக, ஒவ்வொரு நிறத்தையும் வெட்டி வெட்டிப் போட்டால் இரண்டு துண்டுக்கும் சேர்த்து 168 முனைகள். அடிநிறத்தை வெட்டாமல் மேலே தூக்கிப் போனால் 28 மிச்ச நிறக் கோட்டுக்கு மட்டும்தான் முனை, 112-ல் முடிந்துவிடும்.

ஒரு வரிசையின் நடுவில் நூல் தீர்ந்தால்? கம்பளியாக இருந்தால் இரு முனையையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி உள்ளங்கையில் சூடு பறக்க உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் இப்படி ஒட்டாது. அந்த வரிசையைப் பிரித்து ஓரத்துக்கு வந்து புது நூலைத் தொடங்குங்கள்.

வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் தையல் மிச்சம்தானே?

ஒற்றை நிற ஸ்வெட்டருக்கு அதுதான் வசதி. கோட்டுக்கு அல்ல. சுற்றுப் பின்னல் திருகுபோல் ஏறுவதால் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரு வரிசை ஏற்ற இறக்கமாக நிற்கும். அத்தனை முனைகளையும் ஒளித்து வைக்கத் தையல் மடிப்பும் இருக்காது.

இணைத்துப் பட்டி எடுப்பது?

முதலில் தோள். பிறகு கழுத்துப் பட்டி. அதற்குப் பின்தான் பக்கத் தையல், கடைசியில் கைத்துளை. பக்கங்களை வெளிப்புறத்திலிருந்தே தையுங்கள்: இரு ஓரத்திலும் முதல் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் இடையே ஏணிப்படி போல் தெரியும் இழையை மாறி மாறி ஊசியில் எடுத்தால் கோடு கோட்டோடு வரிசைக்கு வரிசை பொருந்தும்.

கழுத்துக்கு 10-ம் எண் வட்ட ஊசியில் ஓரத்திலிருந்து புதுக் கண்ணிகளை எடுங்கள். 4 வரிசைக்கு 3 கண்ணி என்ற கணக்கில் ‘வி’யின் ஒவ்வொரு சரிவிலும் 54, பின்கழுத்தில் 31, ‘வி’ முனையில் ஒன்று: மொத்தம் 140. 1 நிட், 1 பர்ல் ரிப். முனைக் கண்ணி நிட்டாக நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முனைக் கண்ணியையும் அதற்கு முன்னால் உள்ளதையும் சேர்த்து நிட் பின்னுவது போல் ஊசி விட்டுப் பின்னாமல் மாற்றி, அடுத்த கண்ணியை நிட் பின்னி, மாற்றிய இரண்டையும் அதன் மேல் தாண்டவிடுங்கள். முனை நடுவில் நேராக ஏறும். 7 அல்லது 8 சுற்று. அடைக்கும்போது 8-ம் எண் ஊசியால் தளர்வாக அடையுங்கள்.

கைத்துளைக்கு 116 முதல் 120 வரை ஏதாவது இரட்டை எண், 6 சுற்று.

பட்டி பாவாடை போல் விரிகிறது. தோழிக்கோ உள்ளே சுருங்குகிறது.

விரிந்தால் கண்ணி அதிகம். வரிசைக்கு ஒன்று வீதம் எடுத்திருப்பீர்கள். சுருங்கினால் எடுத்தது குறைவு அல்லது அடைத்தது இறுக்கம். இரண்டுக்கும் பட்டியை மட்டும் பிரித்தால் போதும், உடம்பைத் தொட வேண்டாம்.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுக்கலாமா?

பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் தொடாதீர்கள். ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் வரும். மலிவு விலை மெஷின் ஸ்வெட்டர்களில் பல இப்படித்தான். கைப்பின்னலாக இருந்தால் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து, அதாவது கடைசியாக அடைத்த இடத்திலிருந்து இழுக்க வேண்டும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, எடை எதுவும் கட்டாமல் தொங்கவிடுங்கள். சுருள் நீங்கும். சுருளோடு பின்னினால் கண்ணிகள் ஒரே அளவில் வராது. அக்ரிலிக் சுருள் முழுக்கப் போகாது. அதை அகலம் குறைந்த கோடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி ஆட்டுக் கம்பளியில் பின்ன முடியுமா?

ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் நீலகிரி ஆட்டினத்தைப் பேணி வருகிறது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமம் பின்னும் நூல் அல்ல. கழுவி, சிக்கெடுத்து, நூற்று, இரண்டு மூன்று இழையாக முறுக்கிய பிறகே ஊசிக்கு வரும். நூற்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் பாருங்கள்.

மழைக்காலத்தில் துவைத்தால் காயவே மாட்டேன் என்கிறது.

குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் மூடுபனியும் நாள்கணக்கில் நிற்கும். முடிந்தவரை வெயில் தெரியும் நாளுக்குத் துவைப்பதைத் தள்ளிப் போடுங்கள். துவைத்தே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த நீரில் அமுக்கி எடுத்து, முறுக்காமல், தலையணை உறைக்குள் போட்டு வாஷிங் மெஷினில் சுழற்சி மட்டும் ஒரு நிமிடம். பிறகு தடித்த துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, பிளாஸ்டிக் வலை மேலோ கயிற்றுக் கட்டில் மேலோ விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீளம் இறங்கி, ‘வி’ கழுத்து தொப்புள்வரை வந்து நிற்கும். அக்ரிலிக்குக்கு இஸ்திரிப் பெட்டியின் ஆவி காட்டவே கூடாது. ஒருமுறை சூடு பட்டால் துவண்டுபோன துணி திரும்ப எழாது.

கரி அடுப்புப் பக்கத்தில் உட்காரும்போது போடலாமா?

உறைபனிக் காலத்தில், மார்கழி, தை இரவுகளில் கேட்க வேண்டிய கேள்வி. அக்ரிலிக் ஸ்வெட்டரில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். குளிர்காயும் இடத்துக்கும் விறகு அடுப்புக்கும் முழுக் கம்பளிதான் பாதுகாப்பு. அடுப்படியில் நிற்கிற பெரியவருக்குப் பின்னுவதானால், எரித்துப் பார்த்ததில் கம்பளி என்று தெரிந்த நூலை மட்டும் அவருக்கு ஒதுக்குங்கள்.

கோடையில் எப்படி எடுத்து வைப்பது?

துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு. லேசான ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வாடை ஏறும், பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது. பூச்சி அரிப்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கை அல்ல; கலந்து பின்னியதில் கம்பளிக் கோடு மட்டும் ஓட்டையாகி நிற்பது அதனால்தான். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, நாப்தலின் உருண்டையைத் துணி முடிச்சில் கட்டி ஓரமாக வையுங்கள். நூலோடு நேராகப் பட வேண்டாம். பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் நூலை ஓர் அட்டையில் சுற்றி அதே மூட்டைக்குள் போட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்தால் தைக்க அந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது.